வெள்ளித் தராசும் பாதி எழுதிய டிரைவரும்

வாசகர் கேள்வி – பதில்

பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் கணிசமானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: லினக்ஸ் ஏறிவிட்டது, ஆனால் உடன் இணைத்த கருவி ஒன்று பாதி வேலை செய்கிறது, மீதிப் பாதிக்கு மறுக்கிறது. கருவியோடு பேசத் தெரிந்த மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம். திறந்த மூலத் திட்டங்களில் அது சிறுகச் சிறுக எழுதப்படும் விதம் தெரிந்தால் இந்தப் பாதிக் கணக்கு விளங்கும் என்பதால், அந்தக் கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மின்னணுத் தராசிலிருந்து எடை நேராகக் கணினிக்கு வந்து சீட்டில் அச்சாகும்படி ஏற்பாடு செய்திருந்தோம். கணினி பழையது என்பதால் கல்லூரியில் படிக்கும் என் மகன் அதில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். அதுவும் அவன் நண்பன் வைத்திருந்த மிகப் பழைய பதிப்பு. அன்றிலிருந்து எடையில் 0, 3, 5, 6, 9 சரியாக வருகின்றன; 1, 2, 4, 7, 8 வர வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் வருகின்றன. தராசுக்காரர் கேபிளைக் குறை சொல்கிறார், கேபிள் விற்றவர் தராசைக் குறை சொல்கிறார். யார் சொல்வது சரி?
— பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. எந்தெந்த எண்கள் கெடுகின்றன என்று நீங்கள் பிரித்து எழுதி அனுப்பியதால், கருவியைக் கண்ணால் பார்க்காமலேயே காரணத்தைச் சொல்ல முடிகிறது.

உங்கள் தராசு ஒவ்வோர் எழுத்தையும் ஏழு பிட்டுகளாக அனுப்பி, எட்டாவதாக ஒரு சரிபார்ப்புப் பிட்டைச் சேர்க்கிறது. அதற்குப் பேரிட்டி என்று பெயர். எட்டிலும் சேர்த்து ‘1’களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும் என்பது விதி. மூன்று என்ற எண்ணின் குறியீடு 0110011. அதில் ஏற்கெனவே நான்கு ‘1’கள் இருப்பதால் எட்டாவது பிட் 0, ஆகவே எதுவும் மாறாது. ஒன்று என்ற எண்ணின் குறியீடு 0110001. மூன்று ‘1’களே இருப்பதால் எட்டாவதாக ஒரு ‘1’ சேர்கிறது. எட்டாவது பிட் சரிபார்ப்புக்கு உரியது என்று பெறும் கணினிக்குத் தெரிந்தால், அதைச் சரிபார்த்துவிட்டு நீக்கிவிடும். தெரியாவிட்டால் எட்டையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், ஒன்று என்ற எண் வேறேதோ குறியாகிவிடும். 0, 3, 5, 6, 9 ஆகிய ஐந்தின் குறியீடுகளிலும் ‘1’கள் இரட்டைப்படை; மற்ற ஐந்திலும் ஒற்றைப்படை. உங்கள் பட்டியல் அப்படியே இதுதான். தசமப் புள்ளியின் குறியீட்டிலும் நான்கு ‘1’கள் உள்ளன, அதுவும் தப்பித்திருக்கும், சீட்டை எடுத்துப் பாருங்கள்.

ஆக, உங்கள் லினக்ஸில் உள்ள டிரைவருக்குப் பேரிட்டி தெரியவில்லை. தராசின் சீரியல் இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் விலை குறைந்த கேபிள்களில் சிஎச்340 என்ற சிப்பை அடிக்கடி காணலாம். உங்களுடையதும் அதுவாக இருக்கும் என்றே எண்ணுகிறேன். கேபிளைச் செருகிவிட்டு டிஎம்இஎஸ்ஜி கட்டளையைக் கொடுத்தால் சிஎச்341 என்ற பெயர் திரையில் வரும். லினக்ஸில் இரண்டு சிப்களுக்கும் டிரைவர் ஒன்றே.

இந்த டிரைவரின் நிரலைத் திறந்து பார்த்தால், பதிப்புரிமை வரியில் 2007 என்ற ஆண்டு இருக்கிறது. தலைப்புக் குறிப்பில், இந்தச் சிப்பைக் கொண்டு சீரியல் போர்ட்டும் அமைக்கலாம், பழைய பிரிண்டர்களுக்கான இணை போர்ட்டும் அமைக்கலாம், நினைவகம் போன்ற ஓர் இடைமுகமும் அமைக்கலாம் என்று சொல்லிவிட்டு, இந்த டிரைவர் சீரியலை மட்டுமே கவனிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சீரியலுக்குள்ளும், தரவு பிட்டுகளின் எண்ணிக்கை, பேரிட்டி, நிறுத்தப் பிட்டுகள் ஆகிய மூன்றும் இன்னும் எழுதப்படவில்லை என்று பல ஆண்டுகள் நிரலின் நடுவே ஒரு குறிப்பு கிடந்தது. எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு நிறுத்தப் பிட் என்பதே அன்று கிடைத்த ஒரே அமைப்பு. பெரும்பாலான கருவிகளுக்கு அது போதும் என்பதால் யாரும் அவசரப்படவில்லை. உங்கள் தராசு அந்தப் பெரும்பாலானவற்றில் சேராது. 2016ஆம் ஆண்டில் விடுபட்ட மூன்றும் சேர்க்கப்பட்டன. பிரேக் என்ற சமிக்ஞையைத் தாமாக அனுப்ப இயலாத சில சிப்களுக்கு, அனுப்பியது போலச் செய்துகாட்டும் ஏற்பாடு 2020இல் வந்தது.

எனவே அண்மைக்காலப் பதிப்பு ஒன்றை நிறுவச் சொல்லுங்கள். அதுவரை சமாளிக்க, எஸ்டிடிஒய் கட்டளையில் ‘இஸ்ட்ரிப்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எட்டாவது பிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடும், எண்கள் சரியாகிவிடும். ஆனால் அப்போது சரிபார்ப்பும் போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. கிராம் கணக்கில் கூலியும் சேதாரமும் பார்க்கும் தொழிலில் இதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று: சிஎச்340 சிப்களில் சில, முதலில் அமைத்த அமைப்பை மாற்றவே இயலாதவையாகத் தோன்றுகின்றன என்று அதே நிரலில் ஒரு குறிப்பு உண்டு. புதிய பதிப்பிலும் குறிகள் வந்தால் உங்கள் கேபிள் அந்த ரகம். அப்போது மட்டும் தராசுக்காரர் சொல்வது சரி.

கேள்வி: உருக்காலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சோதனையில் தேறாத தகட்டை நாங்கள் வாயிலுக்கு வெளியே விட்டதில்லை. முடிக்காத டிரைவரைப் பொதுமக்கள் கையில் கொடுத்துவிட்டு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எப்படி முறையாகும்?
— வாசகர், மோகன் நகர்

பதில்: தகட்டை உருட்டுவதற்கு முன்பே அதன் தடிமன், கலவை, இழுவலிமை எல்லாம் தாளில் எழுதப்பட்டு உங்கள் மேசையில் இருந்திருக்கும். திறந்த மூல டிரைவர் எழுதுபவரிடம் பல நேரங்களில் அப்படி ஒரு தாளே கிடையாது. கருவியைச் செய்த நிறுவனம் அதன் உள் அமைப்பை வெளியிடாமல் விட்டிருக்கலாம். வெளியிட்டிருந்தாலும், அதே சிப்பைக் கொண்ட நூறு மாடல்களில் ஒன்றோ இரண்டோதான் எழுதுபவரின் மேசையில் இருக்கும். மற்றவை உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருக்கின்றன. ஆகவே வாயிலுக்கு வெளியே விட்டால்தான் சோதனையே தொடங்குகிறது என்ற விசித்திரமான தொழில் இது.

ஆப்பிள் நிறுவனத்தின் எம்1 சிப் கொண்ட கணினிகள் 2020 நவம்பரில் வெளிவந்தன. ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய ஆசாஹி லினக்ஸ் திட்டம் அவற்றில் லினக்ஸை ஓட வைக்க முனைந்தது. 2021 ஜூனில் வெளியான லினக்ஸ் 5.13 பதிப்பில்தான் முதல் துண்டு சேர்ந்தது: செயலியின் கருக்கள் எழுந்தன, கருவிகள் செயலியைக் கூப்பிடும் குறுக்கீடுகள் கையாளப்பட்டன, சீரியல் இணைப்பின் வழியே எழுத்து வந்தது, கணினி தானே அமைத்து வைத்த திரையில் வெறும் படம் தெரிந்தது. அந்த நிலையில் ஒருவர் அதைக் கொண்டு ஒரு கடிதம்கூட அடித்திருக்க முடியாது. உள் சேமிப்பகத்துக்கான டிரைவர் 2022இல் 5.19 பதிப்பில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் முப்பரிமாண வரைகலையின் முதல் வெளியீடு, ஓபன்ஜிஎல் 2.1 என்ற பழைய வரைகலைத் தரத்தின் அளவில் மட்டும். 2023 ஆகஸ்டில் ஓபன்ஜிஎல் இஎஸ் 3.1 தரத்துக்கு முறையான சான்று. ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்த துண்டு சிறியது. ஆனால் சேர்ந்த துண்டு வேலை செய்தது, முன்பு சேர்ந்ததைக் கெடுக்கவில்லை. உங்கள் பிரிவின் மொழியில் சொன்னால், சோதனை ஒவ்வொரு துண்டுக்கும் நடக்கிறது, துண்டுகள் எப்போது தீரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தரச் சீட்டும் உண்டு. ஸ்கேனர்களுக்கான ‘சேன்’ என்ற திறந்த மூலத் திட்டம் ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே ஒரு நிலையைக் குறித்து வைத்திருக்கிறது: பூர்த்தி, நன்று, அடிப்படை, மிகக் குறைவு, சோதிக்கப்படாதது, ஆதரவில்லாதது. பெட்டியின் மேல் ஆறு விதமான தரத்தை, அதுவும் தோல்வி உட்பட, இப்படி அச்சடித்துக் கொடுக்கும் கருவி விற்பனையாளரை நான் கண்டதில்லை.

இரண்டு இடங்களில் உங்கள் பக்கம் நிற்கிறேன். அரைகுறையாக விட்டால் பொருளே சேதமாகும் என்ற நிலை இருந்தால் வாயிலை மூடித்தான் வைக்க வேண்டும்; அதே ஆசாஹி திட்டத்தினர், மடிக்கணினியின் ஒலிபெருக்கிகளை ஓட்டத் தெரிந்த பிறகும், சுருள் சூடாகி எரிந்துவிடாமல் காக்கும் மென்பொருள் தயாராகும்வரை அவற்றை அணைத்தே வைத்திருந்தார்கள். இரண்டாவது, செவ்வாய்ப்பேட்டைக் கடிதத்தைப் பாருங்கள். ‘பேரிட்டி இன்னும் இல்லை’ என்ற குறிப்பு நிரலுக்குள் நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் பட்டறைக்காரர் நிரலைப் படிக்கப் போவதில்லை. தன்னால் முடியாத அமைப்பைக் கேட்கும் மென்பொருளுக்கு, முடியாது என்று டிரைவரே திருப்பிச் சொல்ல வேண்டும். படிப்படியாக எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பயன்படுத்துபவருக்குத் தெரியும் இடத்தில் எழுதாமல் விடுவதில்தான் ஆட்சேபம்.

கேள்வி: நாகலூரில் காப்பித் தோட்டத்தை ஒட்டி நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். கணக்கு எழுதும் கணினிக்கு ஒரு வைஃபை டாங்கிள் வாங்கினோம். லினக்ஸ் அதை அடையாளம் காணவில்லை. சேலத்தில் ஒரு தம்பி, தயாரிப்பாளரின் நிரலை எங்கிருந்தோ எடுத்துக் கம்பைல் செய்து ஓட வைத்தார். ஆனால் சிஸ்டம் அப்டேட் ஆகும்போதெல்லாம் டாங்கிள் செத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கணினியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டியிருக்கிறது. இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா?
— இல்லத் தலைவி, ஏற்காடு

பதில்: அம்மா, முதலில் மலை இறங்காமல் இருக்க ஒரு வழி. உங்கள் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அதற்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், டாங்கிள் செத்துக் கிடக்கும்போதும் இணையம் வரும். அந்தத் தம்பி சேலத்தில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. அதன் புதிய பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. கெர்னலுக்கும் டிரைவருக்கும் இடையிலான உள் ஏற்பாடுகளை மாற்றாமல் வைத்திருப்பதாக அதன் ஆசிரியர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கெர்னலுக்குள் வசிக்கும் டிரைவர்களுக்கு இதனால் துன்பமில்லை. ஏற்பாட்டை மாற்றுபவரே, அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் சேர்த்துத் திருத்திவிட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். உங்கள் டிரைவர் வெளியில் குடியிருக்கிறது. உள்ளே சுவர் மாறியதை அதற்குச் சொல்வார் இல்லை. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டைப் போட்டுவைத்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் தானாகவே மறுபடி கம்பைல் செய்யும். அடுத்த முறை அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனாலும் நிரலே பழையதாகிவிட்டால் ஒருநாள் அதுவும் தோற்கும்.

நிரந்தரத் தீர்வு, டிரைவர் உள்ளே வருவதுதான். அது எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். உங்கள் டாங்கிளில் இருப்பது எந்தச் சிப் என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்டிஎல்8188இயு என்ற சிப்பின் கதை இது. தயாரிப்பாளர் வழி வந்த அதன் நிரல், 2013ஆம் ஆண்டில் கெர்னலின் ‘ஸ்டேஜிங்’ பகுதியில் சேர்க்கப்பட்டது. ஸ்டேஜிங் என்பது, 2008இல் கிரெக் குரோவா ஹார்ட்மன் ஏற்படுத்திய காத்திருப்புத் திண்ணை. தரம் போதாத டிரைவர்கள் அங்கே உட்கார்ந்து திருந்த வேண்டும். அங்குள்ள டிரைவர் ஒன்றை இயக்கினால், இதன் தரம் தெரியாது, எச்சரிக்கிறோம் என்று கெர்னலே பதிவேட்டில் எழுதிவைக்கும். அந்த நிரலின் முக்கியமான குறை, வைஃபைக்குப் பொதுவான வேலைகளையெல்லாம் கெர்னலின் பொது அடுக்கிடம் விடாமல், தன்னுடைய தனிப் பிரதி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்ததாகும். 2015இல் ஜெஸ் சோரன்சன் வேறொரு வழியில் தொடங்கினார். அந்தக் குடும்பத்துச் சிப்கள் சிலவற்றுக்கு மட்டும், பொது அடுக்கைப் பயன்படுத்திக்கொண்டு, ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு என்ற புதிய டிரைவரை அவர் எழுதினார். 40 மெகாஹெர்ட்ஸ் சேனலும் மின்சிக்கனமும் இன்னும் இல்லை என்று அதன் உதவிக் குறிப்பிலேயே போட்டிருந்தார். அவர் தாமே சோதித்திராத டாங்கிள்களுக்குத் தனியாக ஒரு விருப்பத்தை வைத்து, முயன்று பார்த்து முடிவைச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார். ஒவ்வொரு சிப்பாக அதில் சேர்ந்துகொண்டே வந்து, 8188இயு சேர்ந்தது. அதன்பின் 2023இல் ஸ்டேஜிங்கில் இருந்த தயாரிப்பாளர் வழி நிரல் நீக்கப்பட்டது. பெரிதாக வந்தது திண்ணையிலேயே முடிந்தது, சிறியதாகத் தொடங்கியது வீட்டுக்குள் போனது.

உங்கள் டாங்கிளில் உள்ள சிப்பின் எண்ணை எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும். அண்மைப் பதிப்பொன்றை நிறுவினால் இப்போது வெளிநிரலே தேவைப்படாமல் போகவும் கூடும்.

கேள்வி: கருப்பூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் ஒரு சென்சாருக்கு மூன்று மாதம் உழைத்து 3,000 வரியில் முழுமையான டிரைவர் எழுதி, கெர்னலில் சேர்க்கும்படி அனுப்பினேன். பிழை எதுவும் சொல்லாமல், துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பு என்று மட்டும் பதில் வந்தது. எல்லாமே வேலை செய்யும்போது ஏன் பிரிக்க வேண்டும்?
— மாணவர், கருப்பூர்

பதில்: தம்பி, 3,000 வரியை ஒரே மூச்சில் படித்துப் பிழை கண்டுபிடிக்கக் கூடிய மனிதர் இல்லை என்பது முதல் காரணம். பிழை எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். படிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம், நாளைக்கு அது கெடும்போது தெரியும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு நீளமாகக் கட்டிய சீரியல் விளக்கு எரியவில்லை என்றால், மின்பணியாளர் முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவதில்லை. நடுவில் சோதிப்பார், அதுவரை மின்சாரம் வந்தால் மறு பாதியின் நடுவில், வராவிட்டால் இந்தப் பாதியின் நடுவில். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் உள்ள பைசெக்ட் என்ற வசதி இதையே மாற்றங்களின் வரிசையில் செய்கிறது: ஆயிரம் மாற்றங்களுக்குள் எங்கோ ஒன்றில் பழுது புகுந்திருந்தால், பத்துச் சோதனையில் அந்த ஒன்றைப் பிடித்துவிடலாம். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு; வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெர்னல் கம்பைல் ஆகி ஓட வேண்டும். ஐந்தாவது பேட்ச் (அனுப்பும் ஒவ்வொரு துண்டு மாற்றத்துக்கும் அங்கே அதுதான் பெயர்) உடைத்ததைப் பத்தாவது பேட்ச் சரிசெய்கிறது என்றால் இடையில் உள்ள ஐந்திலும் நின்று சோதிக்க வழியில்லை. பழுதுள்ள மாற்றம் பத்து வரி என்றால் பார்த்தவுடன் காரணம் விளங்கும். உங்களுடையதைப் போல் 3,000 வரி என்றால், பிடித்தும் பயனில்லை.

பிரிப்பதிலும் ஒரு தவறு எல்லாருக்கும் நேர்கிறது. நீங்கள் எழுதிய நாள் வரிசையில் பிரிக்காதீர்கள். திங்கட்கிழமை செய்த தவறும் வியாழக்கிழமை செய்த திருத்தமும் உங்கள் நாட்குறிப்புக்கு உரியவை. அவற்றை ஒன்றாக மடித்துவிட வேண்டும். படிப்பவர் புரிந்துகொள்ளும் வரிசையே வரிசை. முதல் பேட்சில் சென்சாரை அடையாளம் கண்டு வெப்பநிலையை மட்டும் படியுங்கள். அதுவே தனியாக நின்று பயன்படும் டிரைவராக இருக்கட்டும். அடுத்ததில் ஈரப்பதம். பிறகு குறுக்கீடு, பிறகு உறக்கநிலைக்குப் போய் மீள்வது, கடைசியாக நுண்ணிய அமைப்புகள். ஒரு பேட்சின் விளக்கத்தில் ‘மேலும்’ என்ற சொல் வந்தால் அங்கே இரண்டு பேட்ச்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 3,000 வரியில் பாதி, கெர்னலில் ஏற்கெனவே பொதுவாக உள்ள வசதிகளை மறுபடி எழுதியது என்பதும் அப்போது தெரியவரும் என்று ஊகிக்கிறேன். ஒரு சாதாரண ஈரப்பத சென்சாருக்கு அவ்வளவு வரி வேண்டாம்.

இன்னும் சிறியதாகத் தொடங்க வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள டிரைவரின் பட்டியலில் புதிய கருவி ஒன்றின் அடையாள எண்ணைச் சேர்ப்பதும் மதிப்புள்ள பங்களிப்பே. நிலைப் பதிப்புகளில் பொதுவாகப் பிழைத்திருத்தங்களை மட்டுமே ஏற்பார்கள், அதுவும் நூறு வரிக்கு மேற்படாமல்; அவர்களே அடையாள எண் சேர்ப்பதற்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள்.

கேள்வி: ஐந்து ரோடு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் லேசர் பிரிண்டர் லினக்ஸில் அச்சடிக்க மறுக்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடுகிறது. டிரைவர் கோளாறா?
— கடைக்காரர், சேலம்

பதில்: டிரைவர் நன்றாகவே இருக்கிறது. சில சிறிய லேசர் பிரிண்டர்களில், அவற்றுக்குள் ஓட வேண்டிய நிலைபொருளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் நினைவகம் கிடையாது; மின்சாரம் போனால் மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் கணினிதான் அனுப்பி வைக்க வேண்டும். கேபிளைச் செருகும்போது அனுப்புவதற்கு விதி எழுதப்பட்டிருக்கிறது. கணினி யுபிஎஸ்ஸிலும் பிரிண்டர் நேர் மின்சாரத்திலும் இருந்து, பிரிண்டர் உயிர் பெற்றது அந்த விதிக்கு எட்டவில்லை என்றால் இப்படி நேரும். கேபிளைப் பிடுங்குவதைத் தொடருங்கள். சோம்பலாக இருந்தால், நிலைபொருளை அனுப்பும் கட்டளைக்குத் திரையில் ஒரு சின்னம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குகையில் பரம்பரையாகப் பட்டு நெசவு. தாத்தா காலத்து வரைபடத் தாள்களை ஸ்கேன் செய்து ஜக்கார்டு அட்டைக்கு மாற்றுகிறோம். எங்கள் ஸ்கேனருக்கு லினக்ஸ் டிரைவர் கிடையாது. தயாரிப்பாளரிடம் கேட்டால் பதில் இல்லை. அவர்கள் விவரம் தராதபோது மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள்? அது சட்டப்படி சரியா?
— நெசவாளர், குகை

பதில்: ஒட்டுக் கேட்டு எழுதுகிறார்கள். லினக்ஸ் கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக விண்டோஸை ஓட்டி, அதில் தயாரிப்பாளரின் மென்பொருளை நிறுவி, ஸ்கேனரை அதற்குத் திறந்துவிடுவார்கள். விண்டோஸும் ஸ்கேனரும் பேசிக்கொள்வதெல்லாம் லினக்ஸ் வழியாகவே போவதால், யுஎஸ்பிமான் என்ற வசதி ஒவ்வொரு பைட்டையும் பதிவு செய்துவிடும். இதில் திறமை எல்லாம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதில் இருக்கிறது. வெள்ளைத் தாளை வைத்து 150 புள்ளி அடர்த்தியில் ஒருமுறை ஸ்கேன். வேறு எதையும் தொடாமல் 300இல் ஒருமுறை. இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலில் 96 00 என்று இருந்த இடத்தில் அடுத்ததில் 2சி 01 என்று இருக்கும். சிறிய பைட் முன்னே வரும் வழக்கில், பதினாறடி எண்முறையில் 150ம் 300ம் அப்படித்தான் எழுதப்படும். அடர்த்தி எந்த இடத்தில் போகிறது என்பது தெரிந்துவிட்டது. அன்றைய வேலை அவ்வளவுதான். மறுநாள் வண்ணம், அதற்கு மறுநாள் பக்க அகலம். ‘மிகக் குறைவு’ என்ற நிலையில் பட்டியலில் ஏறும் டிரைவர் ‘அடிப்படை’ ஆகி ‘நன்று’ ஆவது இப்படித்தான். என்விடியா வரைகலை அட்டைகளுக்கான நூவோ டிரைவரும் பெருமளவு இந்தப் பாணியில் வளர்ந்தது. 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 பதிப்பில் அதுவும் ஸ்டேஜிங் வழியாகத்தான் கெர்னலுக்குள் வந்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, 52ஆம் பிரிவில், தனியாக எழுதப்பட்ட ஒரு நிரல் மற்ற நிரல்களுடன் சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, முறைப்படி அந்த மென்பொருளை வைத்திருப்பவர் பெறுவதற்கு இடம் தந்திருக்கிறது; அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதிருக்க வேண்டும். அப்படியிருந்தும் கவனமான திட்டங்கள் ஒரு வேலி போட்டுக்கொள்கின்றன. பிராட்காம் வைஃபை சிப்களுக்கான டிரைவர் 2006இல் கெர்னலில் சேர்ந்தது. அதற்கு ஒரு குழுவினர் பழைய டிரைவரை ஆராய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் ஆவணமாக எழுதினார்கள். அந்த டிரைவரைப் பார்த்தே இராத வேறு குழுவினர், ஆவணத்தைப் படித்து நிரல் எழுதினார்கள். நகலெடுத்தார்கள் என்று யாரும் கை நீட்ட முடியாது.

உங்களுக்கு உடனடியாகச் சொல்லக் கூடியது, வேறொரு ஸ்கேனரை இரண்டாம் கையாக வாங்கும்போது, கடைக்குப் போகும் முன் சேன் பட்டியலில் அந்த மாடலின் நிலையைப் பார்த்துவிடுங்கள். வரைபடத் தாளின் கட்டங்களை எடுக்க ‘நன்று’ போதும்.

கேள்வி: புதிதாக வெளிவந்த மடிக்கணினியை வாங்கி லினக்ஸ் போடலாமா?
— வாசகர், அழகாபுரம்

பதில்: ஓராண்டு பழைய மாடலை வாங்குங்கள். விலையும் குறையும், டிரைவரும் பழுத்திருக்கும்.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாத என்னைப் போன்றவர்கள் இதில் எப்படி உதவ முடியும்?
— ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: செவ்வாய்ப்பேட்டைக்காரர் செய்ததைச் செய்யலாம். ‘ஸ்கேனர் வேலை செய்யவில்லை’ என்ற புகாரை வைத்துக்கொண்டு டிரைவர் எழுதுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. கெர்னலின் பதிப்பு எண், எல்எஸ்யுஎஸ்பி காட்டும் வரி, கருவியைச் செருகியபின் டிஎம்இஎஸ்ஜி காட்டும் கடைசி இருபது வரிகள் ஆகியவற்றை அப்படியே நகலெடுத்து வையுங்கள். அதன் கீழ், எது நடக்கிறது, எது நடக்கவில்லை, எந்தப் பதிப்புவரை நடந்தது என்பதை எழுதுங்கள். நடக்காததைப் போலவே நடப்பதையும் எழுதுவது அவசியம். தராசு விஷயத்தில் சரியாக வந்த ஐந்து எண்கள் இல்லாமல் கெட்ட ஐந்தை மட்டும் வைத்து நான் பேரிட்டியை ஊகித்திருக்க மாட்டேன். திருத்தம் வந்து, அதைப் போட்டுப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நீங்கள் பதில் எழுதினால், சோதித்தவர் என்று உங்கள் பெயரையும் அந்தப் பேட்சின் அடியில் ஒரு வரியாகச் சேர்ப்பார்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். இலக்கணம் பற்றிக் கவலைப்படாதீர்கள், அங்கே எழுதுபவர்களில் பலருக்கும் அது தாய்மொழி இல்லை.